மழை நாள், நூதனசாலை, அக்காவின் கைப்பை

திருகோணமலையை வெயில் காலத்தில் மட்டும் பார்த்தவர்கள் அந்த ஊரைப் பாதிதான் பார்த்திருக்கின்றார்கள் என்று நண்பர்களிடம் அடிக்கடி சொல்வேன். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையில் வருகின்ற உல்லாசப் பயணிகள் நிலாவெளியில் குளித்து, புறாத்தீவுக்குப் படகேறி, அமைதியாகக் கிடக்கும் கடலைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்கிவிட்டால் அதே கடல் சாம்பல் நிறம் கொண்டுவிடும். கோணேசர் மலை பாதி மறைந்து போகும். வள்ளங்கள் கரையேற்றப்பட்டு, படங்கு போர்த்தப்பட்டுக் கிடக்கும். வெளியூர்க்காரர் எவருமில்லாத அந்த மாதங்களில்தான் ஊர் ஊர்க்காரருக்கு உரியதாகின்றது.

2024 டிசெம்பரில் அப்படியான ஒரு மழை நாளில் நான் அங்கு நின்றேன். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் போய் விடிகாலையில் இறங்கியிருந்தேன். மட்டக்களப்பு கல்லடியிலிருந்து அக்கா முதல் நாளே பஸ்ஸில் வந்து, உவர்மலையில் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கியிருந்தார். மனையாவெளியில் இருந்த எங்கள் அப்பாவின் வீட்டை விற்பதற்கு உறுதி எழுத வேண்டியிருந்தது. அப்பா 2003 இல் காலமானார். அம்மா 2019 இல் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு வாடகைக்கு விட்டிருந்த வீடு அது. எங்கள் இருவருக்கும் இடையில் பிறந்த அண்ணன்மார் இருவரில் ஒருவர் நோர்வேயில் இருக்கின்றார். மற்றவர் இல்லை. ஆகவே கையொப்பமிட வேண்டியவர்கள் நாங்கள் இருவருமே. நோர்வே அண்ணர் தத்துவம் எழுதி அனுப்பியிருந்தார்.

காலை ஒன்பது மணிக்கு வருமாறு சொல்லியிருந்த நொத்தாரிசு ஐயா, வீதியில் வெள்ளம் நிற்பதனால் தம்மால் பிற்பகல் இரண்டு மணிக்கு முன்னர் வர இயலாது என்று தொலைபேசியில் அறிவித்தார். எங்களுக்கு ஐந்து மணித்தியாலம் மிஞ்சியது. பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். விற்கப் போகும் வீட்டுக்குப் போய் இருக்க இருவருக்கும் மனம் வரவில்லை. ஏற்கெனவே அது வெறும் வீடு. கதிரைகூட இல்லை.

"கோயிலுக்குப் போவமா?" என்று கேட்டேன்.

"இந்த மழையில மலையேறி விழுந்து காலை உடைக்கவோ? எனக்கு அறுபத்தேழு வயசடா" என்றார் அக்கா. சிறிது நேரம் கழித்து, "அந்த ஒல்லாந்தர்ர பழைய வீட்டை நூதனசாலையாக்கினவங்கள் எல்லே? நான் இன்னும் உள்ளுக்குப் போகேல்ல" என்றார்.

நான் போயிருக்கின்றேன். 2013 இல் அது திறக்கப்பட்ட காலத்தில் ஒரு தடவை, குறிப்புப் புத்தகமும் கையுமாக. பத்திரிகையாளன் ஒரு திறப்பு விழாவைப் பார்ப்பது எப்படியென்று வாசகர்களுக்குத் தெரியும். மேடையில் யார் என்ன பேசினார்கள் என்பதைப் பார்ப்போம். சுவரில் என்ன இருக்கின்றது என்பதைப் பார்க்க மாட்டோம்.

ஓர் ஓட்டோவைப் பிடித்தோம். எஸ்பிளனேட் பக்கமாகப் போகும்போது பழைய ஆங்கிலேயர் மயானத்தின் ஈரம் பூத்த கல்லறைகள் மழைக்குள் தெரிந்தன. அக்கா முப்பத்தைந்து ஆண்டுகள் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். ஓட்டோவின் பக்கத்துப் படங்கை விலக்கி, "ஜேன் ஒஸ்டினின்ர தம்பி உதுக்குள்ளதான் கிடக்கிறார்" என்றார். உண்மைதான். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் இளைய சகோதரர் சார்ல்ஸ் ஒஸ்டின் பிரித்தானியக் கடற்படையில் றியர் அட்மிரலாக இருந்தவர். 1852 இல் பர்மாவில், இரண்டாம் பர்மிய யுத்த காலத்தில் நோயுற்று இறந்தார். திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார். அக்கா தம்முடைய வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று காட்டியிருக்கின்றார்.

நூதனசாலை அமைந்திருக்கும் கட்டடம் ஒல்லாந்தர் காலத்தில் அவர்களுடைய கடற்படை ஆணையாளரின் வாசஸ்தலமாக இருந்தது. பழுதடைந்து கிடந்ததை நெதர்லாந்து அரசின் உதவியோடு புதுப்பித்து, கடல்சார், கடற்படை வரலாற்று நூதனசாலையாக ஆக்கினார்கள். தடித்த சுவர்கள். உள்ளே நுழைந்ததும் மழைச் சத்தம் சட்டென்று தூரப் போய்விட்டது. வாசலில் இருந்த இளம்பெண் சிங்களப் பெண். எங்கள் குடைகளை வாங்கி ஒரு வாளிக்குள் வைத்து, "அம்மா, கவனம், தரை வழுக்கும்" என்று தமிழில் சொன்னார். அன்று காலையில் எங்களைத் தவிர வேறு பார்வையாளர் இல்லை.

பழைய வரைபடங்கள், கப்பல் மாதிரிகள், கடலோடிகள் பற்றிய குறிப்புகள், கடற்படையினரின் கருவிகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனோம். அக்கா ஆசிரியை ஆதலால் எந்த ஒரு விளக்கப் பலகையையும் விடாமல் வாசிப்பார். நான் வரலாற்றுப் பட்டதாரி. பேராதனையில் நான்கு வருடங்கள் படித்தவன். ஆகவே அவர் கேட்க நான் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கிடையில் எழுதாத ஒப்பந்தம்.

இந்தத் துறைமுகத்துக்கு வந்தவர்களின் வரிசையை நான் அவருக்குச் சொன்னேன். 1620 இல் டேனிஷ்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பின்னர் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1639 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1782 ஆம் ஆண்டு மிகவும் வேடிக்கையானது. அந்த வருடத்தின் ஜனவரியில் இந்த ஊர் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரிடம் போனது. ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து அதைப் பறித்தார். யுத்தம் முடிந்து உடன்படிக்கை எழுதியபோது அது மீண்டும் ஒல்லாந்தரிடம் போனது. 1795 இல் ஆங்கிலேயர் மறுபடியும் வந்து, பிறகு போகவேயில்லை. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானிடம் வீழ்ந்ததும் திருகோணமலையின் பெறுமதி பன்மடங்காயிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன.

"அப்பாக்கு அப்ப பன்னிரண்டு வயசு" என்றார் அக்கா. "குண்டு போட்ட அண்டைக்கு அப்பாச்சி ஒரு சாக்கில அரிசியும் சட்டி பானையும் கட்டிக்கொண்டு, பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு கன்னியாப் பக்கம் நடந்தவவாம். ஆறு நாள் கழிச்சுத்தான் திரும்பி வந்ததாம். உனக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. அப்பா என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. 1942 குண்டுவீச்சைப் பற்றிப் பத்திரிகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கின்றேன். விமானங்களின் எண்ணிக்கை, கப்பல்களின் பெயர், தளபதிகளின் பெயர் எல்லாம் அவற்றில் உண்டு. கன்னியாவுக்கு நடந்து போன ஒரு தாயும் பிள்ளைகளும் அவற்றில் இல்லை.

இந்தத் துறைமுகத்தைப் பற்றி ஐரோப்பியர் தீட்டிய பழைய ஓவியங்களையும் செதுக்குப் படங்களையும் பல நூல்களில் பார்த்திருக்கின்றேன். அவற்றில் ஒரு பொதுத் தன்மை உண்டு. பெரும்பாலானவை கடலில் இருந்து வரையப்பட்டவை. முன்னால் கப்பல், பாய்மரம், கொடி. அப்பால் மலையும் கோட்டையும். கரையில் மனிதர் இருந்தால் எறும்பளவில் இருப்பார்கள். ஓவியனில் குறை சொல்ல முடியாது. அவன் கப்பல் தட்டில் நின்று வரைந்தான். அங்கிருந்து பார்த்தால் கரை அப்படித்தான் தெரியும். எங்கள் ஊரின் வரலாற்றையும் நாங்கள் அந்தத் தட்டில் ஏறி நின்றே படித்துவிட்டோமோ என்று அன்றைக்குத் தோன்றியது.

ஒரு கப்பல் மாதிரிக்கு முன்னால் நின்றபோது இன்னொன்று நினைவுக்கு வந்து சொன்னேன். எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு போர்க்கப்பல் இன்றும் இருக்கின்றது. எச்.எம்.எஸ். திருங்கோமலி. 1817 இல் பம்பாயில், வாடியா குடும்பத்தாரின் கப்பல் கட்டும் தளத்தில், தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில், நீரில் மிதந்தபடியே ஒரு நூதனசாலையாக நிற்கின்றது. அதனைச் செப்பனிட்டுப் பாதுகாக்கப் பல வருடங்கள் உழைத்திருக்கின்றார்கள்.

"பேரை வைச்சிருக்கிற கப்பலைக் காப்பாத்திப் போட்டாங்கள்" என்றார் அக்கா. பாராட்டா ஏளனமா என்று எனக்கு விளங்கவில்லை.

சுவரோரமாகக் கிடந்த வாங்கில் இருவரும் அமர்ந்தோம். அக்காவுக்கு முழங்கால் வலி. வெளியே மழை இன்னும் பலத்துப் பெய்தது. சாளரத்துக்கு அப்பால் எல்லாமே வெண்மையாகக் கிடந்தன.

அப்போதுதான் அக்கா கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். வட்டமான ஒரு பித்தளைத் தகடு. மேலே ஒரு துளை. நடுவில் 1143 என்ற இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. வீட்டை ஒதுக்கியபோது சாமியறை மாடத்தில், பழைய திருநீற்றுக் குடுவைக்குப் பின்னால் கிடந்ததாம்.

அது அப்பாவின் டொக்யாட் தகடு. 1948 இல், பதினெட்டு வயதில் அப்பா நேவல் டொக்யாட்டில் பிற்றர் ஒருவருக்கு உதவியாளனாகச் சேர்ந்தார். காலையில் வாசலில் அந்தத் தகட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். மாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அப்படியானால் அது வீட்டுக்கு வந்திருக்கக் கூடாது. கடைசி நாளன்று வாங்கி வைப்பதற்கு வாசலில் ஆள் இருக்கவில்லையோ, அல்லது அப்பா கொடுக்க மனமில்லாமல் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாரோ, இனிக் கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையொன்றைச் சொல்ல வேண்டும். நான் பிறப்பதற்கு முன்னரே எங்கள் வீட்டில் அது ஒரு பழமொழியாகிவிட்டது.

பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தது 1957 ஒக்டோபர் 15 ஆம் திகதி. அவர்களை நம்பியிருந்த வேலைகள் பல அவர்களோடு போயின. அப்பாவின் வேலையும் அவற்றுள் ஒன்று. அக்கா பிறந்தது ஒக்டோபர் 20. இடையில் ஐந்தே நாட்கள். மூத்த பிள்ளை, அதுவும் பெண்பிள்ளை, தகப்பன் வேலையில்லாமல் வீட்டுத் திண்ணையில் இருக்கும்போது பிறக்கின்றது. அப்பாச்சிக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. "இவள் காலெடுத்து வைக்க, வெள்ளைக்காரன் காலெடுத்திட்டான்" என்றார். ஒரு தடவையல்ல. உலையில் அரிசி குறைந்த போதெல்லாம் சொன்னார். அப்பா சைக்கிள் திருத்தும் கடை போட்டு நொடித்தபோது சொன்னார். நான் சிறுவனாக இருந்த காலத்தில் அது வீட்டில் ஒரு பகிடியாகவே மாறியிருந்தது. அண்ணன்மாரும் நானும் அக்காவோடு சண்டை பிடித்தால் அதைத்தான் சொல்லுவோம். சொல்லிவிட்டு ஓடுவோம்.

அக்காவுக்குக் கல்யாணம் பேசிய காலத்தில் அது பகிடியாக இருக்கவில்லை. சாதகம் பார்க்க வந்தவர்களிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். "தகப்பனுக்கு ஆகாத பிள்ளை, புருசனுக்கு எப்படி ஆகும்?" என்று இரண்டு இடங்கள் தட்டிப் போயின. அவர் திருமணம் செய்தபோது வயது முப்பத்துமூன்று. அத்தான் சாதகம் கேட்காத மனிதர். கல்லடியில் இன்றும் நன்றாக இருக்கின்றார்கள்.

அக்கா இதைப்பற்றி எங்களிடம் ஒருபோதும் முறையிட்டதில்லை. ஆகையால் அவர் மறந்துவிட்டார் என்றே நான் நினைத்திருந்தேன்.

தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார். "வெள்ளைக்காரன் திடீரெண்டுதானே போனவன்?"

"திடீரெண்டு இல்லை அக்கா" என்று சொல்லி, ஒரு பத்திரிகைக்காரனுக்குரிய உற்சாகத்தோடு ஆரம்பித்தேன். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு முன்னரே, 1947 நவம்பரில், ஒரு பாதுகாப்பு உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன் மூலமாகவே பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் தொடர்ந்து வைத்திருந்தனர். 1956 ஏப்ரலில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தேர்தலில் வென்று பிரதமரானார். அந்நியத் தளங்களை அகற்றுவது அவருடைய கொள்கைகளில் ஒன்று. 1956 ஜூலைத் தொடக்கத்தில், லண்டனில் பொதுநலவாயப் பிரதமர்கள் கூடிய மாநாட்டுக்குப் போயிருந்தபோது, பிரித்தானியப் பிரதமர் ஈடனோடு அதைப் பேசினார். தளங்களைக் கையளிப்பதென்ற இணக்கம் அங்கேயே ஏற்பட்டுவிட்டது. அதே ஜூலையின் கடைசியில் நாசர் சூயெஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். ஆண்டு முடிவதற்குள் அந்தக் கால்வாயில் பிரித்தானியா மூக்குடைபட்டு நின்றது. பிறகு எஞ்சியிருந்ததெல்லாம் எவ்வளவு காலத்தில், எந்த விதமாக வெளியேறுவது என்ற பேச்சுத்தான். 1957 ஜூனில் அது எழுத்தில் முடிந்தது. ஒக்டோபர் 15 இல் இங்கே கொடி இறங்கியது. நவம்பர் 1 இல் கட்டுநாயக்க.

எங்கள் ஊரில் அந்த நாட்களில் இதைப்பற்றிப் பெரிதாக எவரும் பேசியதாகத் தெரியவில்லை என்றும் சொன்னேன். 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. ஓகஸ்டில் தமிழரசுக் கட்சியினர் பாதயாத்திரையாகத் திருமலைக்கு வந்து மாநாடு நடத்தினர். ஊர் முழுவதும் மொழியைப் பற்றிய கவலையில் இருந்தது. டொக்யாட் வாசலைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அதற்குள் வேலை செய்தவர்களும் அவர்களின் பெண்சாதிகளுமாகவே இருந்திருப்பார்கள்.

நான் சொல்லி முடித்து, இனி நெல்சனைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. விரல்களை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"லண்டனில ஓமெண்டு சொன்னது எப்பவெண்டாய்?"

"1956 ஜூலை."

"நான் பிறந்தது 57 ஒக்டோபர்." மறுபடியும் எண்ணினார். "பத்து மாசம் பின்னுக்குப் போனா... 57 தை, இல்லாட்டி அதுக்குக் கிட்ட. அப்ப அவங்கள் முடிவெடுக்கேக்குள்ள நான் அம்மாவின்ர வயித்திலகூட இல்லை."

"இல்லை அக்கா."

"வயித்திலகூட இல்லை" என்று அவர் திரும்பவும் சொன்னார். அந்தத் தகட்டை என் கையிலிருந்து எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய கண்கள் கலங்கியிருக்கவில்லை. ஆனால் அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

வாசகர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகின்றேன். அக்காவுக்கு அன்று நான் சொன்ன எந்தத் திகதியும் எனக்குப் புதியதல்ல. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலேயே எனக்குத் தெரிந்தவை. 2007 இல் தளம் கையளிக்கப்பட்டு ஐம்பதாண்டு நிறைந்தபோது, நான் பணியாற்றிய பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். பண்டாரநாயக்க, ஈடன், நாசர் எல்லோரும் அதில் வருகின்றார்கள். வெளிநாட்டுக் கொள்கை, அணிசேராமை, இந்து சமுத்திரம் என்றெல்லாம் வருகின்றது. பலர் தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார்கள். அம்மா அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருந்தார். அக்காவும் வாசித்திருப்பார். ஆனால் ஜூலை 1956 என்ற ஒரு விபரம் அதில் ஒரு வரியாகக்கூட வரவில்லை. "நீண்ட பேச்சுவார்த்தைகளின் பின்னர்" என்று எழுதிவிட்டேன். பத்தியின் நீளம் கருதி வெட்டியது நான்தான்.

எங்கள் வீட்டுக்குள் ஐம்பது வருடமாக ஒரு பொய் இருந்தது. அதைப் பொய்யென்று காட்டக்கூடிய ஒரே ஆள் நான். தேவையான திகதிகள் என் கையில் இருந்தன. அவற்றைச் சொல்லி, அக்காவை ஒரு நிமிடம் உட்கார வைத்து, "அது உன்னால் இல்லை" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வரலாறு என்பது பிரதமர்களுக்கு நடப்பது, அப்பாச்சியின் வாய்ச்சொல் என்பது வீட்டுக்குள் நடப்பது, இரண்டும் வேறு வேறு அறைகள் என்றுதான் நானும் நினைத்திருக்கின்றேன். இரண்டுக்கும் நடுவில் அப்பா தகட்டோடு நின்றிருக்கின்றார்.

அப்பாச்சியையும் இப்போது என்னால் முழுவதாகக் குற்றம் சொல்ல முடியவில்லை. லண்டனில் யார் என்ன பேசினார்கள் என்பதை அவருக்கு யார் சொன்னார்கள்? கொடி இறங்கியதை அவர் கண்டார். மகன் வேலையின்றி வந்ததைக் கண்டார். ஐந்தாம் நாள் பிள்ளை பிறந்ததைக் கண்டார். கண்ட மூன்றையும் முடிச்சுப் போட்டார். காரணம் சொல்லப்படாத இடத்தில் மனிதர்கள் கையில் அகப்பட்டதைக் காரணமாக்கிவிடுவார்கள். பெரும்பாலும் அகப்படுவது வாய் திறக்க முடியாத ஒருவராகவே இருக்கும்.

மதியம் நெருங்கியபோது எழுந்தோம். வெளியே வரும்போது நான் மெல்லக் கேட்டேன். "அக்கா, இந்தத் தகட்டை இஞ்ச குடுத்தா என்ன? அப்பாவின்ர பேரோட வைப்பாங்கள்."

அவர் யோசித்தார். வாசலில் இருந்த பெண்ணிடம் நானே விசாரித்தேன். அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், பொருளைப் பற்றிய விபரங்களை அதில் குறிப்பிட வேண்டும் என்று அவர் மரியாதையாக விளக்கினார். தகட்டை வாங்கிப் பார்த்தார். இலக்கத்தை விரலால் தடவி, "இது உங்கட அப்பாவா?" என்று கேட்டார்.

"ஓம் பிள்ளை" என்றார் அக்கா. "டொக்யாட்டில வேலை செய்தவர். ஒன்பது வருசம்."

அந்தப் பெண் இரண்டு கைகளாலும் அதைத் திருப்பிக் கொடுத்தார். தம்முடைய பாட்டனாரும் துறைமுகத்தில் சுமை தூக்கியவர் என்றார்.

படியிறங்கும்போது அக்கா சொன்னார். "இப்ப வேண்டாம். கொஞ்ச நாள் என்னட்ட இருக்கட்டும். நீ முதல்ல விபரத்தை எழுது. பிறகு தகட்டைக் குடுப்பம்." என்ன விபரம் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கடனில் ஒரு பகுதியைத்தான் இங்கே எழுதுகின்றேன்.

ஒரு சைவக் கடையில் சோறு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு நொத்தாரிசு ஐயாவிடம் போனோம். நனைந்த கோப்புகளை மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்திருந்தார். உறுதியின் வரைவை வாசித்துக் காட்டினார். வடக்கே வீதி, கிழக்கே இன்னாருடைய காணி, மேற்கே வேலி என்று அப்பாவின் உலகம் நான்கு எல்லைகளுக்குள் அடங்கியது. பிறகு அடையாள அட்டைகளைக் கேட்டார்.

எங்கள் நாட்டின் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு விசேடம் உண்டு. முதலிரண்டு இலக்கங்களும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு ஐந்நூறைக் கூட்டுவார்கள். அக்காவின் அட்டை 57794 என்று தொடங்குகின்றது. ஐந்நூறைக் கழித்தால் 294. அதாவது ஒக்டோபர் 20. தளம் கையளித்த நாளன்று பிறந்திருந்தால் 289 என்று வந்திருக்கும். அந்த ஐந்து நாள் வித்தியாசத்தை அவர் வாழ்நாள் முழுவதும் சட்டைப்பை அளவான ஒரு அட்டையில் சுமந்து திரிந்திருக்கின்றார்.

அக்கா தமது பிறந்த திகதியைச் சொல்லும் விதத்தை நான் சிறுவயதிலிருந்தே அறிவேன். வேகமாக, அடங்கிய குரலில், அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும் என்பது போலச் சொல்லுவார். வங்கியிலும் வைத்தியசாலையிலும் நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கின்றேன்.

நொத்தாரிசு ஐயா கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மங்கிப்போன அட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்து, "அம்மாவின்ர பிறந்த திகதி வடிவாத் தெரியேல்ல" என்றார்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழு, ஒக்டோபர் இருபது" என்றார் அக்கா. அறையின் மறுமூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குத் தெளிவாகச் சொன்னார். பிறகு பேனையை வாங்கிக் கையொப்பமிட்டார்.

நாங்கள் வெளியே வந்தபோது மழை விட்டிருக்கவில்லை. அவரை மட்டக்களப்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். யன்னலோரத்தில் இடம் கிடைத்தது. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். பஸ் புறப்பட்டபோது, "எழுதி முடிச்சா எனக்கு முதல்ல அனுப்பு. பிழை இருந்தா திருத்துவன்" என்றார்.

அனுப்பினேன். இரண்டு இடங்களில் திருத்தியிருக்கின்றார். கன்னியாவுக்கு நடந்தது ஆறு நாளல்ல, எட்டு நாளென்று முதலில் எழுதி, அதை அவரே வெட்டி, ஆறென்றே விட்டிருக்கின்றார். மற்றது, அத்தான் "நல்ல மனிதர்" என்று நான் எழுதியிருந்ததை வெட்டி, "சாதகம் கேட்காத மனிதர்" என்று மாற்றியிருக்கின்றார். அது போதுமாம்.